திங்கட்கிழமை: முரானோ

தூரின்,
8 ஜனவரி 1988

அன்புள்ள எர்சிலியா அக்கா,

கிறிஸ்துமஸ் கார்டுல வெறும் கையெழுத்து போட்டு அனுப்புற மரீனோ இன்னைக்கு ரெண்டு பக்கம் எழுதுறானே, என்ன கேட்டு வர்றானோன்னு நினைப்பே. கேட்டுத்தான் வர்றேன். வீட்டுல போன் வெச்சுக்க மாட்டேன்னு நீ பிடிவாதம் பிடிச்சா நான் வேற என்ன பண்றது?

கார்னிவலுக்கு நாங்க நாலு பேரும் வெனிசுக்கு வர்றதா இருக்கோம். மிரெல்லாவுக்குப் பதிமூணு ஆயிடுச்சு, ரெமோவுக்கு ஒம்பது. அப்பன் பொறந்த ஊரை ரெண்டும் டிவியில பாத்ததோட சரி. "தெருவெல்லாம் தண்ணின்னா நீ எங்கப்பா பந்து விளையாடினே?"ன்னு ரெமோ நோண்டி நோண்டிக் கேக்குறான். பியெராவும் கல்யாணம் ஆனதுலேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. வெனிஸ்காரனைக் கட்டிக்கிட்டு வெனிசைப் பாக்காத ஒரே பொம்பளை நான்தான்னு ஊர் பூரா சொல்லிச் சிரிக்கிறா.

மூணே நாள். பிப்ரவரி பதிமூணு சனிக்கிழமை மத்தியானம் வந்து இறங்குறோம். அன்னைக்கு சாயங்காலம் சான் மார்க்கோ சதுக்கம், முகமூடிக்காரங்க, புறாவுக்குத் தீனி. ஞாயித்துக்கிழமை பூசை முடிச்சுட்டு பெரிய பாலம், மார்க்கெட், அப்புறம் கொண்டோலா. திங்கட்கிழமை முரானோ. கண்ணாடி ஊதுறதைக் காட்டுறேன்னு சொல்லித்தான் ரெமோவைச் சம்மதிக்க வெச்சிருக்கேன். அன்னைக்கே சாயங்கால ரயில்ல திரும்பிடுவோம். பியெரா இதையெல்லாம் ஒரு நோட்டுல கட்டம் போட்டு, மணி உட்பட எழுதி வெச்சிருக்கா. மருந்துக் கடையில வேலை பாத்துப் பாத்து எல்லாத்துக்கும் வேளை குறிக்கிற பழக்கம் வந்துடுச்சு அவளுக்கு.

ஹோட்டல்ல இடம் இல்லை. இருந்தாலும் சொந்த ஊர்ல ஹோட்டல்ல தங்குறதான்னு இருக்கு. நம்ம வீட்டுல தரையில படுத்துக்குறோம். நீ ஒண்ணும் சிரமப்பட வேண்டாம், சூப் இருந்தாப் போதும். அப்புறம் ஸ்கார்ப்பா இன்னும் கொண்டோலா ஓட்டுறானா? என்னோட படிச்சவன்தானே, வெளியூர்க்காரன்கிட்ட கறக்குற மாதிரி என்கிட்டயும் கறக்க மாட்டான்ல?

இன்னொண்ணு, சிரிக்காதே. வாய்க்கால் எல்லாம் நாறும்னு பியெரா காதுல யாரோ ஓதியிருக்காங்க. இந்த மாசத்துல நாறுமா?

உன் தம்பி,
மரீனோ


வெனிஸ், காஸ்தெல்லோ,
14 ஜனவரி 1988

மரீனோ,

கடுதாசி வந்துச்சு. எந்தெந்த நாள் எந்தெந்த இடத்துல நின்னு வாயைப் பொளக்கணும்னு கட்டம் போட்டாச்சு, சந்தோஷம். புறாவுக்குத் தீனியாம். சின்ன வயசுல அதுங்களை உண்டிவில்லால அடிச்சு அம்மாகிட்ட உதை வாங்கினவன் நீ.

நாறுமான்னு கேட்டிருக்கே. நாறுது. இந்த வருஷம் தண்ணி ரொம்ப கீழ இறங்கிடுச்சு. நம்ம சன்னலுக்குக் கீழ வாய்க்கால்ல தண்ணியே கிடையாது, கன்னங்கரேல்னு சேறுதான். எத்தனையோ வருஷமா எவனும் தூர் வாரலை. செத்த எலி, உடைஞ்ச நாற்காலி, எவனோ விட்டுட்டுப் போன ஒத்தைச் செருப்பு. காலையில சன்னலைத் திறந்தா முட்டை அழுகின வாடை. நான் திறக்கிறதில்லை.

வெளிய இருக்கிற நாத்தம் அது. ஹோட்டலுக்குள்ள இருக்கிற நாத்தத்தைச் சொல்லவா? இருபத்தொரு வருஷமா அந்த அடித்தளத்துல நின்னு வெளுக்கிறேன், இஸ்திரி போடுறேன். ஆனா இந்தக் கார்னிவல்னு ஒண்ணை மறுபடி கிளப்பிவிட்டாங்க பாரு, அதுலேருந்துதான் மனுஷங்க மேல எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் போச்சு. தலையணை உறை பூரா வெள்ளைப் பூச்சும் தங்கப் பூச்சும். விரிப்புல வாந்தி. போன வருஷம் ஒரு பட்டுத் துணி வந்துச்சு, ராணி வேஷக்காரியோடது. அதுல என்ன இருந்துச்சுன்னு எழுதினா நீ சாப்பாட்டுல கை வைக்க மாட்டே. சந்து முனையில இருக்கே நம்ம மாதா கூண்டு, அதுக்குக் கீழயே ஒருத்தன் ஒண்ணுக்கு அடிச்சுக்கிட்டு நிக்கிறான், மூஞ்சியில கோழி மூக்கு முகமூடி. கத்தினேன். திரும்பி எனக்கே வணக்கம் போடுறான், வெட்கங்கெட்டவன்.

அந்தக் கூட்டத்துல நீயும் ஒருத்தனா வர்றே. வா. தடுக்க நான் யாரு? ஸ்கார்ப்பா உயிரோடதான் இருக்கான். உன்கிட்டயும் கறப்பான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். சவத்தீவு கல்லறை ஆபீஸ்லேருந்து சீட்டு வந்திருக்கு. அம்மாவுக்குப் பன்னெண்டு வருஷம் முடியுது. பிப்ரவரி பதினஞ்சு, திங்கட்கிழமை, காலையில ஒம்பது மணிக்குத் தோண்டி எடுக்கிறாங்க. வீட்டாள் நின்னா எலும்பை வாங்கித் தகரப் பெட்டியில போட்டு அப்பா எலும்பு இருக்கிற சுவர் மாடத்துலயே வைக்கலாம். யாரும் நிக்கலைன்னா பொதுக் குழியில கொட்டிடுவாங்க. இந்த ஊர்ல செத்தவங்களுக்கும் வாடகை வீடுதான், அது உனக்கும் தெரியும்.

உன் பொண்டாட்டி நோட்டுல திங்கட்கிழமைக் கட்டத்துல முரானோன்னு இருக்கு. முரானோவுக்கும் சவத்தீவுக்கும் ஒரே படகுதான். நோவே துறையிலேருந்து அஞ்சாம் நம்பர். முதல்ல நிக்கிறது சவத்தீவு, அடுத்தது முரானோ. மறந்திருந்தா ஞாபகப்படுத்துறேன்.

அப்பாவுக்கு நான் தனியா நின்னேன், ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை. இன்னொரு தடவை தனியா நிக்க என்னால முடியாது.

எர்சிலியா


தூரின்,
20 ஜனவரி 1988

அன்புள்ள அக்கா,

என்ன அக்கா இப்படிக் குண்டைத் தூக்கிப் போடுறே? பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மூணு நாள் சிரிச்சுட்டு வரலாம்னு கிளம்புனா, குழி தோண்டுறதைப் பாக்க வான்னு கூப்பிடுறே. பியெராகிட்ட சொன்னேன். அவளுக்குக் கேட்டதுமே குமட்டிக்கிட்டு வந்துடுச்சு, பாதிச் சாப்பாட்டுல எழுந்து போயிட்டா. இந்த மாதிரி வழக்கம் எல்லாம் அவங்க பக்கம் கிடையாது. புதைச்சா புதைச்சதுதான்.

நான் யோசிச்சுப் பாத்தேன். ஆபீஸ்ல சொல்லி ஒரு வாரம் தள்ளிப் போட முடியாதா? இல்லைன்னா குழி வெட்டுறவங்களே எடுத்துப் பெட்டியில போட்டு வைக்கட்டுமே, அவங்களுக்குப் பழக்கம்தானே? நாம நின்னு என்ன ஆகப் போகுது? அம்மா அங்கயா இருக்கா? அவ மோட்சத்துல இருக்கா. பங்குச் சாமியாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

துணைக்கு எதிர்வீட்டு ஜீஜியா வர மாட்டாளா? நாங்க காலையில முரானோ போயிட்டு, திரும்பி வரும்போது அதே தீவுல இறங்கி, மாடத்துல பூ வெச்சு, நாலு பேருமா முட்டி போட்டு ஜெபம் பண்ணிட்டு வர்றோம். பிள்ளைங்களுக்கும் பாட்டிக்கு ஒரு வணக்கம் சொன்ன மாதிரி ஆச்சு. இது போதாதா?

கோவிச்சுக்காதே. பியெரா உனக்குப் பாதாம்கொட்டை சாக்லேட் வாங்கி வெச்சிருக்கா.

மரீனோ


வெனிஸ்,
25 ஜனவரி 1988

மரீனோ,

மோட்சத்துல இருக்காளாம். உனக்கு அங்கேருந்து கடுதாசி போட்டாளா?

அப்பாவை எழுபத்தொம்பதுல எடுத்தாங்க. உனக்கும் சீட்டு அனுப்பினேன், நீ பதிலே போடலை. நான் மட்டும் நின்னேன். அவர் இருந்த மூலையில மண்ணு எப்பவும் ஈரம். மூடியைத் தூக்கினதும் குழி வெட்டுறவன் எட்டிப் பாத்துட்டு, "இன்னும் ஆகலைம்மா"ன்னான், அடுப்புல வெந்துக்கிட்டு இருக்கிறதைச் சொல்ற மாதிரி. நான் பாத்தேன். என்ன பாத்தேன்னு எழுத மாட்டேன். மறுபடி அஞ்சு வருஷம் வேற பள்ளத்துல போட்டாங்க. எண்பத்து நாலுல திரும்பப் போய் நின்னேன். அதுக்கப்புறம் மூணு மாசம் எனக்கு இறைச்சி இறங்கலை. ஜீஜியா வர மாட்டாளான்னு கேக்குறே. ஜீஜியாவுக்கு எழுபத்தெட்டு வயசு, அம்மா என்ன அவளைப் பெத்தவளா?

இப்ப அம்மா விஷயத்துல எனக்கு இருக்கிற பயத்தையும் தெரிஞ்சுக்கோ. செத்ததும் அம்மாவை நான்தான் குளிப்பாட்டி உடுத்திவிட்டேன். பருத்தி கவுன், பருத்தி உள்சட்டை, காலுக்குத் துணிச் செருப்பு. மண்ணுல மக்காத எதையும் போடக் கூடாது, போட்டா உள்ள இருக்கிற உடம்பையும் மக்க விடாதுன்னு காஸ்தெல்லோவுல சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். ஆனா கால்ல மட்டும் நைலான் போட்டிருக்கா. முட்டி வரைக்கும் வர்ற காப்பிக் கலர் காலுறை. நீ தூரின்லேருந்து அனுப்பினது. ஜீஜியா தலையில அடிச்சுக்கிட்டா, "பன்னெண்டு வருஷம் கழிச்சு நீதான்டி அனுபவிக்கப் போறே"ன்னா. அம்மா கேக்கலை. மூணு நாள் முன்னாடியே என் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கிட்டா.

அதனால திங்கட்கிழமை அந்த ஆள் எட்டிப் பாத்து மறுபடி "ஆகலை"ன்னு சொன்னா, அது உன் நைலானாலதான். அம்மா திரும்பக் குழிக்குள்ள போவா. எனக்கு இப்ப அம்பத்தாறு. அஞ்சு வருஷம் கழிச்சு நான் இருக்கேனோ இல்லையோ.

கடைசியா ஒண்ணு. பன்னெண்டு வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அம்மா அடக்கத்துக்கு வர முடியலை, ரயில் வேலைநிறுத்தம்னு தந்தி அடிச்சியே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு சித்தி மகன் மிலான்லேருந்து வந்தான். உன் ஊர்ல கிளம்பின ரயில்லதான் மிலான்ல ஏறினானாம். பெட்டியில பாதி இடம் காலியா இருந்துச்சாம். எல்லாரும் இருக்கிறப்ப சொன்னான். நான் தந்தியை ஏப்ரன் பைக்குள்ள கசக்கி வெச்சுக்கிட்டு, "மரீனோவுக்குக் காய்ச்சல்"னு பொய் சொன்னேன்.

வாய்க்கால் நாத்தம் பழகிடுச்சு. அழுக்குத் துணி பழகிடுச்சு. உன்னை நினைச்சா வர்ற அருவருப்பு மட்டும் எனக்கு இன்னும் பழகலை. சாக்லேட்டை உன் பிள்ளைங்களுக்குக் குடு.

எர்சிலியா


தூரின்,
2 பிப்ரவரி 1988

அக்கா,

வேலைநிறுத்தம் இல்லை. பொய்தான். நாலு தடவை எழுதிக் கிழிச்சுட்டு இப்ப எழுதுறேன். பியெரா கடைக்குப் போயிருக்கா.

எழுபத்தஞ்சு நவம்பர்ல நான் மட்டும் வந்தேன்ல, அம்மா கால் புண்ணு முத்திப் போச்சுன்னு நீ எழுதினப்போ. மீன் வறுத்து வெச்சிருந்தே. நான் சாப்பிட்டு முடிச்சேன், நீ அம்மா கால்ல சுத்தியிருந்த துணியைப் பிரிச்சே. எனக்கு முன்னாலயே பிரிச்சே. சர்க்கரை வியாதிப் புண்ணு அப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. அந்த வாடை இருக்கே, அக்கா, இன்னைக்கு வரைக்கும் மூக்கை விட்டுப் போகலை. ஃபாக்டரியில பெயின்ட் பிரிவுல நிக்கும்போது கூட திடீர்னு வரும். நான் சன்னலுக்கு ஓடி வாய்க்காலுக்குள்ள வாந்தி எடுத்தேன். பெத்த அம்மாவைப் பாத்து.

திரும்பிப் பாத்தா அம்மா என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. என்ன சொன்னா தெரியுமா? "மீனு கெட்டுப் போயிருக்கும்டா. எர்சிலியா பாத்து வாங்கலை"ன்னா. நீ பழைய துணியைச் சுருட்டி எடுத்துக்கிட்டுப் போயிட்டே. நான் அன்னைக்கு சாயங்காலமே கிளம்பிட்டேன்.

கிறிஸ்துமசுக்கு அந்தக் காலுறையை அனுப்பினேன். கடையில இருந்ததுலயே தடிப்பானது எது, உள்ள இருக்கிறது தெரியாதது எதுன்னு கேட்டு வாங்கினேன். அம்மா மேல ஆசைப்பட்டு வாங்கினதில்லை. அடுத்த தடவை வந்தா மூடியிருக்கட்டும், அப்பத்தான் பக்கத்துல உக்கார முடியும்னு எனக்காக வாங்கினேன். அடுத்த தடவை வரலை. நீ தந்தி அடிச்சப்ப, பெட்டியை மூடாம வெச்சிருப்பாங்க, குனிஞ்சு முத்தம் குடுக்கச் சொல்வாங்க, எல்லார் முன்னாலயும் மறுபடி எனக்கு அப்படி ஆயிடும்னு பயந்துட்டேன். இதுதான் உன் தம்பி.

அந்த உறையையா அம்மா போட்டுக்கிட்டா? வேண்டாம் வேண்டாம்னு ஜீஜியா கத்தியும் ஏன் போட்டுக்கிட்டா? எனக்கு அது மட்டும் தெரியணும்.

நாங்க வர்றோம். திங்கட்கிழமை பத்தி நான் இன்னும் ஒண்ணும் சொல்லலை.

மரீனோ


வெனிஸ்,
6 பிப்ரவரி 1988

மரீனோ,

மீன் நல்ல மீன்தான். காலையில மார்க்கெட்ல துள்ளிக்கிட்டு இருந்த மத்தி. உனக்காக வாங்கினது. அது என் மேல பழியா விழுந்ததைக் கேட்டுக்கிட்டு சும்மா இருந்தேன், அம்மா அப்படிச் சொல்லணும்னு நினைச்சா சொல்லிக்கட்டும்னு.

ஏன் போட்டுக்கிட்டான்னு காகிதத்துல எழுத மாட்டேன். குழி பக்கத்துல வந்து நில்லு, அங்க சொல்றேன். அம்மா அதை உன்கிட்ட சொல்லச் சொன்னது அந்த நாளுக்குத்தான்.

எட்டு இருபதுக்குப் படகு. நான் முதல் படகுலயே போய் வாசல்ல இருப்பேன். பிள்ளைங்களை ஜீஜியா வீட்டுல விடு. மூக்குக்குக் கற்பூரத் தைலம் தடவிக்கோ, குழி வெட்டுறவங்களே தடவிக்கிறாங்க, அதுல வெட்கம் ஒண்ணுமில்ல. குளிர்காலம்கிறதால அவ்வளவா வீசாது.

படுக்கை நாலுக்கும் உறை மாத்தி வெச்சிருக்கேன்.

எர்சிலியா


தூரின்,
18 பிப்ரவரி 1988

அக்கா,

வந்து சேந்துட்டோம். ரெண்டு நாள் எங்களுக்குச் சோறு போட்டுப் படுக்க இடம் குடுத்தே, பிள்ளைங்க உன் ஃபிரித்தோலே பணியாரம் பத்தியே பேசுதுங்க. கடையில வாங்கினதுல பழைய எண்ணெய் வாடையாம், அத்தை போட்டதுதான் போட்டதாம். ரெமோ முகமூடியைக் கழட்டாமத் தூங்குறான்.

திங்கட்கிழமை பத்தி நீ ஒரு வார்த்தை கேக்கலை. சாமான் எடுக்க வந்தப்ப நான் மாடி ஏறாம கீழயே நின்னதும் உனக்குத் தெரியும். பிள்ளைங்க ஜீஜியா வீட்டுல இருக்க மாட்டேன்னு அடம் பிடிச்சுதுங்க, சரி வாங்கன்னு கூட்டிக்கிட்டேன். நான் இறங்கத்தான் வந்தேன். தைலம் கூடத் தடவியிருந்தேன். சவத்தீவுல படகை அணைச்சு, கயிறு போட்டு, கம்பியைத் திறந்தாங்க. வாசல்ல நீ கறுப்புக் கோட்டுல நிக்கிறது தெரிஞ்சுது. ரெமோ கையைப் பிடிச்சுக்கிட்டு எழுந்துட்டேன் அக்கா. கால் வரலை. பியெரா என்னைப் பாத்தா. கட்டம் போட்ட நோட்டை என் கையில திணிச்சுட்டு அவ இறங்கிட்டா. கம்பியைச் சாத்திட்டாங்க.

முரானோவுல ஒரு ஆள் நாலு இழுப்புல குதிரை பண்ணிக் காட்டினான். எல்லாரும் கை தட்டினாங்க, நானும் தட்டினேன். அதுல ஒண்ணுதான் மிரெல்லாகிட்ட உனக்குக் குடுத்தனுப்பினது.

ரயில்ல பியெராகிட்ட "அம்மா ஆயிட்டாங்களா, மறுபடி புதைச்சுட்டாங்களா?"ன்னு கேட்டேன். "உன் அக்காவைக் கேளு"ன்னுட்டு சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. அதனால உன்னைக் கேக்குறேன். கேக்க எனக்கு வாய் இருக்கான்னு திட்டு. ஆனா சொல்லு.

மரீனோ


வெனிஸ்,
24 பிப்ரவரி 1988

மரீனோ,

குதிரையை ஜீஜியா பேத்திக்குக் குடுத்துட்டேன். அதைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

முதல்ல உன் பொண்டாட்டி விஷயம். குமட்டிக்கிட்டு வந்துச்சு, பாதிச் சாப்பாட்டுல எழுந்துட்டான்னு எழுதினியே, அவகிட்ட நீ ஒண்ணுமே சொல்லலையாமே? ஞாயித்துக்கிழமை நீ பிள்ளைங்களோட சதுக்கத்துக்குப் போனப்ப, தட்டு கழுவிக்கிட்டே நான்தான் சொன்னேன். சோப்புக் கையோட அப்படியே நின்னுட்டா. "மூணு வாரமா எனக்குத் தெரியாம வெச்சிருக்கானா?"ன்னா. உன் கோழைத்தனத்துக்கு அவ வயித்தைச் சாக்குச் சொல்லியிருக்கே. தூ.

படகு வந்ததைப் பாத்தேன். நீ எழுந்ததையும் பாத்தேன். கம்பி சாத்தினதும் ஒரு பொம்பளை மட்டும் ஓடி வர்றா, ரெமோவோட கோழி மூக்கு முகமூடி அவ கழுத்துல தொங்குது, கழட்ட மறந்துட்டா. வாசல் காவலாள் சிரிச்சுட்டான். "அண்ணி, நான் நின்னா உங்களுக்கு ஆகுமா?"ன்னு கேட்டா. அம்மாவை அவ பாத்தது உங்க கல்யாணத்துல ஒரே ஒரு தடவை. ஆகும்னு சொன்னேன்.

ரெண்டு பேர் தோண்டினாங்க. சுத்தி சாக்குத் துணி கட்டியிருந்தாங்க. மூடி உள்வாங்கிப் போயிருந்துச்சு, பலகையைத் துண்டு துண்டா எடுத்து வெளிய போட்டாங்க. நான் பியெரா கையைப் பிடிச்சிருந்தேன், யாரு முதல்ல பிடிச்சதுன்னு தெரியலை. அந்த ஆள் குனிஞ்சு பாத்தான். "ஆயிடுச்சும்மா, சுத்தமா ஆயிடுச்சு"ன்னான். கவுன் இல்லை, செருப்பு இல்லை, பருத்தியெல்லாம் மண்ணோட மண்ணாப் போச்சு. எலும்பு டீத்தண்ணி நிறத்துல இருந்துச்சு. தலையை எடுத்து, தோளை எடுத்து, விலாவை எடுத்துப் பெட்டியில வெச்சான்.

அப்புறம் கால். உறை ரெண்டும் அப்படியே இருக்கு மரீனோ. கடையில மடிச்சு வெச்ச மாதிரி. ஒரு இழை விடலை, பின்பக்கத் தையல் கூட நேரா நிக்குது. அந்த ஆள் உச்சுக் கொட்டினான். "நைலான் போட்டிருக்கீங்களே. இதுக்குள்ள என்ன நிலையில இருக்கோ"ன்னு கத்தரியை எடுத்தான்.

நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

நான்தான். உன்னைப் பன்னெண்டு வருஷமா மனசுக்குள்ள காறித் துப்பினவ. ஏழு மாசம் அந்தக் காலுக்குத் துணி மாத்தினவ. அந்தத் துணி மாத்தும்போதும் ஒவ்வொரு தடவையும் மூச்சை அடக்கிக்கிட்டுத்தான் மாத்தினேன், அதை உனக்கு இது வரைக்கும் சொன்னதில்லை. அம்மாவுக்குத் தெரியும். நான் குனிஞ்சதும் அவ கூரையைப் பாத்துக்கிட்டு வாயில வந்ததைப் பேச ஆரம்பிப்பா, என் முகத்தைப் பாக்க வேண்டாம்னு.

பியெரா திரும்பலை. பக்கத்துல முட்டி போட்டு எட்டிப் பாத்துட்டு, மருந்துக் கடையில மாத்திரை வேளை சொல்ற குரல் இருக்கே, அந்தக் குரல்ல, "எலும்பு மட்டும்தான் அண்ணி இருக்கு. சுத்தமா இருக்கு, திரும்பிப் பாருங்க"ன்னா. திரும்பிப் பாத்தேன். சின்னச் சின்ன எலும்பு, கைப்பிடி அளவு. ஜீஜியா சொன்னது நடக்கலை. அம்மா இப்ப அப்பா மாடத்துல இருக்கா. மாடத்து நம்பர் பியெராகிட்ட இருக்கு, சாமான் எடுக்க வந்தப்ப மிரெல்லா மேல கொண்டு வந்த அந்த நோட்டுலயே திங்கட்கிழமைக் கட்டத்துல எழுதிக்கிட்டா.

நீ கேட்டதுக்கு இப்ப பதில். குழி பக்கத்துல சொல்றேன்னு வெச்சிருந்தேன், நீ வரலை, அதனால எழுதுறேன்.

சாகறதுக்கு மூணு நாள் முன்னாடி அம்மா சொன்னா: "மரீனோ அடக்கத்துக்கு வருவான்டி. அவனுக்கு என் காலைப் பாத்தா ஆகாது, பாவம். அந்த உறையைப் போட்டு விடு." சரிம்மான்னேன். ஆனா பருத்தி உறை போட்டு விடுறேன், அதுவும் மூடும்தானேன்னேன். அம்மா தலையை ஆட்டினா. "பருத்தி மக்கிடும். பன்னெண்டு வருஷம் கழிச்சு என்னை எடுப்பாங்கல்ல, அப்பவும் அவன்தானே வந்து பக்கத்துல நிக்கணும்? அன்னைக்கும் மூடியிருக்கணும். எது மக்காதோ அதையே போடு"ன்னா.

தெரிஞ்சேதான் போட்டுக்கிட்டா.

பலகைத் துண்டோட சேத்து அந்த ஆள் உறையையும் குப்பையில போடப் போனான். நான் வாங்கிக்கிட்டேன். வீட்டுக்குக் கொண்டு வந்து ஏழு தண்ணியில அலசினேன், கடைசித் தண்ணியில கொஞ்சம் காடி விட்டேன். சேத்து வாடை பரவாயில்லைன்னு சன்னலைத் திறந்து அங்கதான் காய வெச்சேன். கத்தரி போட்ட இடத்தைத் தெச்சுட்டேன்.

இந்தக் கடுதாசியோட பொட்டலமா வெச்சிருக்கேன். தனியா இருக்கும்போது பிரி. மோந்து பாரு, மரீனோ. ஒண்ணும் வீசலை.

எர்சிலியா